லோரி ஓட்டத் தெரியும், லைசன்ஸ் எங்கே?

"நம்ம பையன் லோரி ஓட்டுவான்" என்று பெருமையாகச் சொல்லாத பெற்றோர் தோட்டத்தில் குறைவு. அதில் பொய்யும் இல்லை. பத்து வயதில் அப்பன் பக்கத்தில் டிராக்டர் மட்கார்டில் தொற்றிக்கொண்டு, பதினாறு வயதில் ஸ்டேரிங்கைப் பிடித்து, பதினெட்டு வயதில் குலை ஏற்றிய டிரெய்லரோடு மரப்பாலத்தைத் தாண்டிப் போய்வருகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்தக் கைத்திறனை யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. ஆனால், அன்பர்களே, ஓட்டத் தெரிவது வேறு; தெரியும் என்பதற்குக் கையில் ஒரு கடுதாசி வைத்திருப்பது வேறு. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் நாம் தலைமுறை தலைமுறையாக ஏமாந்து நிற்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். பத்தொன்பது வருஷம் ஒரே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். மழைக்காலத்தில் சிவப்பு மண் சேறாகிக் கிடக்கும்போது, மற்றவர்கள் காடியை நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்து நிற்கிற இடத்தில், இவர் சக்கரம் சிக்காமல் கொண்டுபோய்விடுவார். தொரையே கூப்பிட்டுப் பாராட்டியதுண்டு. ஒருநாள் தோட்டம் விற்கப்பட்டது. நஷ்டஈட்டுப் பணம் கொஞ்சம் கிடைத்தது. அது ஓர் ஆண்டுக்கு வந்தது. பிறகு பட்டணத்தில் ஒரு லோரிக் கம்பெனியில் வேலை கேட்டுப் போனார். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். "அண்ணே, ஓட்டுறது இருக்கட்டும். ஈ லைசன்ஸ் இருக்கா? ஜி.டி.எல். இருக்கா?" இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது மோட்டார் சைக்கிள் லைசன்ஸ். பத்தொன்பது வருஷ அனுபவம் அந்த மேசைக்கு முன்னால் ஒரு காசு பெறவில்லை. இன்று அவர் ஒரு தாமானில் ஜாகா வேலை பார்க்கிறார். வருகிற போகிற லோரிகளுக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கி விடுகிறார்.

இது ஒருவர் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். 1990களில் புத்ராஜெயா நகரம் எழுந்த இடம் எது? பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி என்ற தோட்டங்கள் இருந்த இடம். அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்குப் போயின. சிலாங்கூர் மாநிலத்தில் மட்டும் இப்படி வீடமைப்புத் திட்டமாகவும் நெடுஞ்சாலையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிப்போன கித்தாக் காடுகளும் செம்பனைக் காடுகளும் எத்தனை! காடு போன இடத்தில் ரோடு வந்தது. ரோடு வந்த இடத்தில் லோரி வந்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி இறக்கும் முதலாளிமார், ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று பல ஆண்டுகளாகவே சொல்லி வருகிறார்கள். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்ற குறை. இந்தப் பக்கம் வேலை இல்லை என்ற குறை. நடுவில் கிடப்பது ஓர் அட்டை.

தோட்டத்துக்குள் ஓட்டுகிறவரை யாரும் கேட்பதில்லை. போலீசாரும் வருவதில்லை, ஜே.பி.ஜே.யும் வருவதில்லை. மண்டோர் சாவியைக் கொடுத்தார், நாம் ஓட்டினோம், அவ்வளவுதான். ஆனால் நம் தோட்டங்கள் பலவற்றில் ஒரு டிவிஷனுக்கும் அடுத்த டிவிஷனுக்கும் நடுவே பெரிய ரோடு ஓடுகிறது. குலை ஏற்றிய டிராக்டர் அந்த ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. சில இடங்களில் அரை மைல் அதன்மேலேயே போகிறது. அந்த அரை மைலில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வந்து மோதினால் என்ன ஆகும் என்று யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா? லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டிய காடி என்று தெரிந்ததும் காப்புறுதிக் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். வழக்கு ஓட்டியவர் தலையில் விடியும்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர் மட்டும் குற்றவாளி அல்ல. லைசன்ஸ் இல்லாதவரை அந்த வேலைக்கு வைத்து ஓட்டச் சொல்கிறவரும் குற்றவாளிதான். டிராக்டருக்கு என்று தனி வகுப்பு லைசன்ஸ் உண்டு; கார் லைசன்ஸ் அதற்குச் செல்லாது. "ஓட்டுடா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்கிற மேலாளரிடம், "சரிங்க ஐயா, முதல்ல லைசன்ஸ் எடுக்க ஒரு வாரம் லீவு கொடுங்க" என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. கேட்டால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

நிற்க. நம் அக்காள் மகன் ஒருவன் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். வயது இருபத்து மூன்று. கார் லைசன்ஸ் வைத்திருக்கிறான். "மாமா, ஈ எடுக்கலாம்னு பாக்குறேன், நீங்களும் கூட வாங்க" என்றான். ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டு, வார விடுமுறை நாட்களில் நாமும் போய் ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். லோரி ஓட்டுவது என்றால் என்ன என்று இத்தனை வயதுக்குப் பிறகு அங்கேதான் நமக்கும் புரிந்தது.

முதல் நாள் ஓட்டவே விடவில்லை. பையனுக்கு ஏமாற்றம். சிக்கு (ஓட்டப் பழக்குகிறவரை அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) அவனை லோரியைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டார். டயரைத் தட்டிப் பார், சக்கர நட்டு தளர்ந்திருக்கிறதா பார், அடியில் எண்ணெய் சொட்டுகிறதா பார், விளக்கு எரிகிறதா பார். நம் தோட்டத்தில் டிராக்டரை எப்படிக் கிளப்புவோம்? ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவோம். கிளம்பாவிட்டால்தான் கீழே இறங்கிப் பார்ப்போம்.

இரண்டாவது பாடம் காற்றுப் பிரேக். இது டிராக்டர் ஓட்டிப் பழகியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். பெரிய லோரியில் பிரேக் பிடிப்பது காற்றின் பலத்தால். இஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு காற்றை இழுத்து, சேஸியில் உள்ள தொட்டிகளில் அடைத்து வைக்கிறது. முன்னால் உள்ள மானியில் முள் ஏறி நிற்கும்வரை காடியை நகர்த்தக் கூடாது. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் தொட்டியிலிருந்து கொஞ்சம் காற்று செலவாகிறது. நம் பையனுக்குத் தோட்டத்துப் பழக்கம். பிரேக்கை மிதித்து மிதித்து விடுவான். சிக்கு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மிதி... மிதி... இன்னும் மிதி" என்று விட்டுப் பிடித்தார். முள் இறங்கிக்கொண்டே வந்தது. எச்சரிக்கை மணி கத்தியது. இன்னும் இறங்கியதும், நிறுத்தும் பிரேக்கில் உள்ள ஸ்பிரிங் தானாகவே விழுந்து சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. லோரி அசையவில்லை. "தளத்தில நின்னுச்சு. நல்லது. மலை இறக்கத்தில பத்து டன் சுமையோட இப்படிப் பண்ணா?" என்று கேட்டார். பையன் பதில் பேசவில்லை.

மலை இறக்கத்தைப் பற்றி அவர் சொன்னதையும் கேளுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். இறங்க ஆரம்பித்த பிறகு குறைக்கலாம் என்று நினைத்தால் கியர் விழாமலே போகலாம். இஞ்சினும் எக்சாஸ்ட் பிரேக்கும் காடியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கால் பிரேக் கடைசித் துணை. காலையே வைத்து அழுத்திக்கொண்டு வந்தால் பிரேக் டிரம் சூடேறி விரிந்து, கட்டை பிடிக்காமல் வழுக்கும். அப்போது காலை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. 2013 ஆகஸ்ட் 21ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் பாய்ந்து 37 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை. மலைச்சரிவு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவது வளைவு. நீளமான காடி வளையும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். இடது பக்கம் திரும்பும்போது அந்த வெட்டுக்குள் மோட்டார் சைக்கிள்காரன் வந்து மாட்டிக்கொள்கிறான். ஓட்டுகிறவர் கண்ணுக்கு அவன் தெரிவதே இல்லை. சிக்கு ஒரு வேலை செய்தார். பையனை மேலே உட்காரவைத்துவிட்டு, பயிற்சிக்கு வந்த மற்ற நான்கு பேரை இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒட்டினாற்போல் நிறுத்தினார். "கண்ணாடியில எத்தனை பேர் தெரியுறாங்க?" என்று கேட்டார். "ஒருத்தரும் இல்லை" என்றான் பையன். எட்டிப் பார்த்துவிட்டு மிரண்டுபோனான். தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போகிற நம் அன்பர்கள், லோரியின் இடது பக்கத்தில் நுழைந்து முந்துவதை இன்றோடு விட்டுவிட வேண்டும் என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

இதுவரை பையன் மற்றவர்களைவிடப் பின்தங்கித்தான் இருந்தான். நான்காவது வாரம் நடந்தது வேறு கதை. டிரெய்லரைப் பின்னால் ஒதுக்கும் பாடம். கொக்கி போட்ட காடியைப் பின்னுக்குத் தள்ளும்போது எல்லாமே தலைகீழ். வால் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டேரிங்கை வலது பக்கம் முறுக்க வேண்டும். முறுக்கிய கையோடு, மடங்கிவிடாமல் உடனே நேராக்கிப் பின்தொடரவும் வேண்டும். பட்டணத்துப் பிள்ளைகள், கார் ஓட்டுவதில் சூரர்கள், இங்கே வேர்த்துக் கொட்டினார்கள். ஒருவர் டிரெய்லரை மடக்கி மடக்கி, கடைசியில் தலையும் வாலும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு இறங்கி வந்து சிகரெட் பற்றவைத்தார். நம் பையன் ஏறினான். கண்ணாடியைப் பார்த்தான். ஒரே மூச்சில் கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

"எங்கப்பா கத்துக்கிட்டே?" என்றார் சிக்கு.

"குலை கொட்டுற மேடையில, சிக்கு. டிராக்டர்ல தினமும் இதே வேலைதான்."

சிக்கு மற்றவர்களைப் பார்த்து, "தோட்டத்துப் பையன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குங்க" என்றார். நமக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தோம்.

பாருங்கள், நாம் ஒன்றும் தெரியாதவர்களாக அந்த வாசலுக்குள் போவதில்லை. பாதிப் பாடம் நம் கையிலேயே இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் கற்க வேண்டும். அந்தப் பாதியில்தான் உயிர் இருக்கிறது.

இனி, எல்லாரும் அறிந்து யாரும் எழுதாத ஒரு விஷயம். ஸ்கூலுக்கு வெளியே சாப்பாட்டுக் கடையில் ஒருவர் நம் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "எதுக்கு இத்தனை நாள் அலையுறீங்க? கொஞ்சம் காப்பிக் காசு போட்டா முடிஞ்சிடும்" என்றார். தொகையையும் சொன்னார். பறக்கும் லைசன்ஸ் என்று மலாய்க்காரர்களும் சொல்கிறார்களே, அதுதான். பையன் நம் முகத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவனுக்குச் சபலம் தட்டியது உண்மை. ஒவ்வொரு நாளும் லீவு போட்டால் கூலி போகிறதே! நாம் அந்த ஆளிடம், "எங்க பையன் பிரேக்கு மிதிக்கக் கத்துக்கிட்டு இருக்கான், தம்பி. அதையும் காப்பிக் காசுல சேர்த்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டோம். எழுந்து போய்விட்டார்.

காசு கொடுத்து வாங்கியவருக்கு அட்டை கிடைக்கும். காற்று மானி முள் இறங்கும்போது என்ன செய்வது என்று அந்த அட்டை சொல்லாது. 2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரியோடு மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் ஒரே நாளில் மடிந்தார்கள். அதற்குப் பிறகு லோரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சுமைச் சோதனை என்று பேச்சும் நடவடிக்கையும் வேகம் பிடித்தன. வரவேற்கிறோம். ஆனால் கருவி பூட்டினால் மட்டும் போதுமா? நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் ஓட்டுகிறவர் ஒரு நடை கூடுதலாகப் போகத்தான் பார்ப்பார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும் என்று விரட்டுகிறார்களே, அந்த விரட்டல் எல்லாம் கடைசியில் வந்து விழுவது ஸ்டேரிங் பிடித்திருப்பவர் தோளில். ஏற்றுகிற சுமைக்கும் ஓடுகிற மணிக்கும் முதலாளிமார் பதில் சொல்ல வேண்டிய நாள் வர வேண்டும்.

செலவுக்கு வருவோம். ஈ வகுப்புக்கும், கூலிக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய ஜி.டி.எல். தொழில் லைசன்சுக்கும், மருத்துவச் சோதனைக்கும், போக்குவரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் போய்விடுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அதில் அரிசி, பால்மாவு, பிள்ளைகள் பள்ளிச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே, "முயன்றால் முடியும், தம்பி" என்று மேடையில் பேசிவிட்டு இறங்குவது நியாயமாகாது.

துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கலாம் என்றார். பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய நம் பாட்டன்மார் தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு ஒரு லைசன்ஸ் எடுத்துக் கொடுப்பது மலையா? தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நாம் சேர்க்கிற பணம் எவ்வளவு! சாமி குத்தம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், திருவிழா நடக்கட்டும். அந்தக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் லைசன்ஸ் நிதி என்று ஒரு வரி எழுதி, ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்குக் கைமாற்றாகக் கொடுத்தால் என்ன? வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்டட்டும். தோட்டத் தொழிலாளர் சங்கம் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இதையும் கேட்கட்டும்: டிராக்டர், லோரி ஓட்டுகிறவர்களுக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுக்கும் செலவு நிர்வாகத்தின் செலவு. மித்ரா போன்ற அமைப்புகள் கணினி வகுப்பு நடத்துவது நல்லதுதான். ஈ வகுப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதற்கு வயதுக் கணக்கு உண்டு. கார் லைசன்ஸ் பதினேழு வயதில் எடுக்கலாம்; அதற்கு 50 கேள்விகளில் 42க்காவது சரியாகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு ஆண்டு 'பி' ஒட்டிக்கொண்டு ஓட்டி, முழு லைசன்ஸ் பெற்று, இருபத்தொரு வயதும் நிறைந்த பிறகுதான் ஈ. பையன் பள்ளியை விட்டதும் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டுவதற்குப் பதில், முதலில் கார் லைசன்சுக்குக் கட்டுங்கள். அப்போதுதான் இருபத்தொன்றில் தயாராக இருப்பான். பெண் பிள்ளைகள் கூடாதா என்று கேட்காதீர்கள்; ஸ்டேரிங்குக்கு ஆண் பெண் தெரியாது. நம் பையனோடு பயிற்சி பெற்ற ஐந்து பேரில் ஒருவர் பெண்தான்; கிளம்புமுன் காடியைச் சுற்றிப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அக்காள் மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முதல் சோதனையில் தேறவில்லை. பின்னால் ஒதுக்குவதில் குறையே இல்லை; ரோட்டில் இடது பக்கம் திரும்பும்போது கண்ணாடியைப் பார்க்க மறந்துவிட்டான். தோட்டத்தில் இடது பக்கம் என்ன இருக்கும்? செம்பனை மரம்தான், அது குறுக்கே வராது. இரண்டு வாரம் வீட்டில் முகம் கொடுத்தே பேசவில்லை. அக்காள் கட்டிய சீட்டை முன்கூட்டியே எடுத்து மறுபடியும் பணம் கட்டினோம். இரண்டாம் தடவை தேறினான். இப்போது ஜி.டி.எல். வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவன் கையில் ஒரு பாரம் இருந்தது. "உனக்குத்தான் முடிஞ்சு போச்சே, இது யாருக்கு?" என்றோம். பக்கத்து லயத்தில் இருக்கிற டிராக்டர் டிரைவருக்காம். வயது நாற்பத்திரண்டு, கார் லைசன்ஸ் எப்போதோ எடுத்துப் பெட்டிக்குள் கிடக்கிறதாம். "இந்த வயசுல எனக்கு எதுக்குடா?" என்று அவர் சிரித்தாராம். "அண்ணே, எனக்குப் பின்னால ஒதுக்கக் கத்துக்கொடுத்ததே நீங்கதானே, வாங்க" என்று சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை லீவு கேட்டிருக்கிறார்கள்.